மகள் தானே நிரப்பிய 25 கேள்விப் படிவத்தில் அவளுக்கு 17 மதிப்பெண். அவளுக்கு மனநோயா?

இல்லை. 17-ஐ வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

நீங்கள் சொல்வது குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்டிக்யூ (SDQ) படிவம், பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் பார்ப்பதற்கானது. மன உளைச்சல், நடத்தை, துறுதுறுப்பு, நண்பர்களோடு சிக்கல், பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி. முதல் நான்கின் கூட்டுத்தொகைதான் அந்த 17, உச்சம் 40. பிள்ளையே நிரப்பும் படிவத்தில் 15 வரை இயல்பு, 16 முதல் 19 வரை எல்லைக்கோடு. அதாவது, உட்கார்ந்து பேச வேண்டிய நேரம், அவ்வளவுதான்.

கூட்டுத்தொகையை விடப் பகுதி மதிப்பெண்களைப் பாருங்கள். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி வருகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. அது மன உளைச்சல் பகுதியில் சேரும். வயிறு வலிக்கிறது என்று காலையில் படுத்துக்கொள்ளும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. மூன்றும் பொருந்தாமல் போவது சகஜம். உள்ளுக்குள் புழுங்குவது வெளியே தெரிவதில்லையே.

அப்புறம், கஷ்டத்தை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்பதை இது அளக்காது. அதற்குக் கிட்கோப் போன்ற படிவங்கள் வேறு. சமீபத்திய பிரச்சினை ஒன்றைச் சொல்லச் சொல்லி, அப்போது என்ன செய்தாய், அது உதவியதா என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றிரவு நீங்களே அவளிடம் கேட்கலாம். படிவம் தேவையில்லை.