ஆயாவுக்கு என்ன வயது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுப் பெரிய மனுஷிகளின் வாழ்க்கையைப் பதிந்து வைப்பது பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவை.

எங்க ஆயா போன மாசம் தவறிட்டாங்க. கடைசிவரைக்கும் தானே அடுப்பு மூட்டி இட்லிக் கடை நடத்துனவங்க. '96 நடக்குது'ன்னு சொல்வாங்க. ஆதார்ல 01-01-1935ன்னு இருக்கு. படத்துக்குக் கீழே எந்த வருஷம் போடறது?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

ஆதார் தேதியை நம்ப வேண்டாம். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத பலருக்கு, வாயால் சொன்ன வயதை வைத்து ஒரு வருடமும் ஜனவரி 1-ஆம் தேதியும் பதிவாகியிருக்கும். அடுத்து, '96 நடக்குது' என்றால் நிறைந்தது 95தான். இறந்த ஆண்டிலிருந்து 95-ஐக் கழியுங்கள். விடையாகக் கிடைக்கும் ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும்தான் உங்கள் தேடலின் தொடக்கம்.

இனி அவர் சொன்ன கதைகளை ஊர்க் கதையோடு முடிச்சுப் போடுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே பாதி காலியானது. 1943 அக்டோபரில் ஒரு ராத்திரி ஜப்பான் விமானம் ஒன்று வந்து குண்டு போட்டது. அதே மாதம் பெருவெள்ளமும் வந்தது. 1953-ல் டிராம் நின்றது. 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. 'அப்போ ஆயாவுக்கு என்ன வயசு?' என்று உறவினரிடம் கேட்டால் ஆளுக்கொரு எண் வரும். 'அப்போ ஆயா பாவாடையா, தாவணியா? கல்யாணம் ஆயிடுச்சா? இடுப்பில் எந்தப் பிள்ளை?' என்று கேளுங்கள். 'வயசுக்கு வந்து உக்காந்திருந்தப்பதான் ஊரைக் காலி பண்ணாங்க' என்று அவர் சொல்லியிருந்தால், 1942-ல் 12 முதல் 15 வயது. பிறப்பு 1927-க்கும் 1930-க்கும் நடுவில். ஆதார்படி அப்போது அவருக்கு ஏழு வயது. அது பொருந்தவே பொருந்தாது.

தமிழ் வருடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரபவ 1927 ஏப்ரலில் தொடங்கியது, விபவ 1928 ஏப்ரலில். ஆனால் பலரும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள்: 'விபவ வருஷம் மாசி மாசம்' என்றால் 1928 அல்ல, 1929 பிப்ரவரி-மார்ச். மார்கழிப் பாதி தாண்டினாலே ஆங்கில வருடம் ஒன்று கூடிவிடும். நட்சத்திரமும் தெரிந்தால் மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் மிஞ்சும். பழைய பஞ்சாங்கம் பார்ப்பவர் தேதியையே சொல்லிவிடுவார்.

பட்டணத்தில் பிறந்தவர் என்றால் மாநகராட்சிப் பிறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். அங்கே ஆயாவின் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயர், தெரு, இரண்டையும் வைத்துத் தேட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் 'சுமார் 1929' என்று போடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

எங்க ஆயாவுக்கு 88. போன வருஷம் வரைக்கும் காசிமேட்டுல மீன் எடுத்துத் தெருத்தெருவா வித்தவங்க. சும்மா இருக்கும்போது பேசறதெல்லாம் அவ்வளவு அழகு. போனை எடுத்து ரெக்கார்டு போட்டா 'என்னாத்த சொல்றது, கஷ்டப்பட்டோம்'னு முடிச்சிடறாங்க.
– வாசகர், தண்டையார்பேட்டை

'உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டால் யாருக்குமே வாய் அடைத்துப்போகும். வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். முதல் கூடைக்குக் காசு யார் கொடுத்தது? தண்டலா, வார வட்டியா? நூறு வாங்கினால் கையில் எவ்வளவு தந்தார்கள்? ஏலத்தில் யாரோடு பங்கு சேர்ந்து எடுத்தீர்கள்? ஒரு கூறு என்றால் எத்தனை மீன்? விற்காத மீனை என்ன செய்தீர்கள், கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு? காசை எங்கே முடிந்து வைத்தீர்கள், அது வீட்டில் யாருக்குத் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் ஆள் வெளியே வருவார். அவரோடு கூடை சுமந்த இன்னொரு ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள்.

போனைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள். நான்காக மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாகப் பதியும். ஏரோப்ளேன் மோடு கட்டாயம். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அறுந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், புழுக்கம் தாங்காவிட்டால் காற்று போன் மீது படாதபடி திருப்புங்கள். தெருப்பக்க ஜன்னலை மூடுங்கள், கண்டெய்னர் லாரி ஹாரன் போனால் ஒரு முழு வாக்கியம் காணாமல் போகும். அரை நிமிடம் பதிந்து இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நல்ல காது எந்தப் பக்கமோ அங்கே உட்காருங்கள். கத்த வேண்டாம். வயதான காதுக்கு முதலில் போவது கீச்சென்ற ஓசைகள். குரலின் சுருதியைத் தாழ்த்தி நிதானமாகப் பேசினால்தான் விளங்கும். அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள், நல்ல சேதிகள் அந்த மௌனத்துக்குப் பிறகே வருகின்றன. தேதி தப்பென்றால் அங்கேயே திருத்தாதீர்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடம் போதும்.

வீசை என்று சொன்னால் கிலோ என்று மாற்றி எழுதாதீர்கள். வீசை 40 பலம், சுமார் 1.4 கிலோ, அதை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அவர் பேச்சு அவர் பேச்சாகவே நிற்க வேண்டும்.

முடிந்ததும் தேதியையும் பேசிய விஷயத்தையும் கோப்பின் பெயராக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொரு தெருவில், மாடி வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தளத்துத் தண்ணீர் எதையெல்லாம் கொண்டுபோனது என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கடன், நகை, சொத்து பற்றிய பேச்சைத் தனிக் கோப்பாக்கி, யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பழைய ஸ்டுடியோ படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிரிக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

கூடாது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். கடல் காற்றின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஹேர் டிரையர், வெந்நீர் எதுவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள்: ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியாக. துணி இருந்தால் உங்கள் பிம்பம் கண்ணாடியில் விழாது. பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரையோ தேதியோ இருக்கலாம். இனி சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியில் வைக்காமல் மரச்சட்டத்தில் வையுங்கள். ஈரச் சந்தனம் ஓரம் வழியாக உள்ளே இறங்குகிறது.

ஆயா 30 வருஷம் தனியா ஒரே ரூம்ல இருந்தாங்க, அவங்க விருப்பப்படி. 16-ஆம் நாள் அட்டையில அதை எழுதினா 'பிள்ளைங்க கைவிட்டாங்க'ன்னு சொல்வாங்கன்னு அப்பா தடுக்கறார்.
– வாசகி, வியாசர்பாடி

'தைரியசாலி', 'தன்னம்பிக்கை மிக்கவர்' என்ற சொற்களை எடுத்துவிடுங்கள், எல்லா அட்டையிலும் அவைதான் இருக்கின்றன. அதற்குப் பதில் நடந்ததை எழுதுங்கள்: எந்த வருடம் அந்த அறைக்குப் போனார், என்ன வேலை செய்து வாடகை கட்டினார், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளில் யார் படிப்புக்குப் பணம் கொடுத்தார். வாடகையைத் தானே கட்டி, பேத்திக்கு ஃபீஸும் கட்டியவரைக் கைவிடப்பட்டவர் என்று யாரும் படிக்க மாட்டார்கள். எழுதியதை அப்பாவிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு வரியை அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.