450 குதிரைத்திறனும் 400 குதிரைத்திறனும்: எது உண்மையில் அதிகம்?

மிச்சிகனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் கொண்ட 2021 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது, 400 குதிரைத்திறன். 1970ஆம் ஆண்டின் ஷெவ்ரோலே ஷெவெல் எஸ்எஸ் 454 ஒன்று விலைக்கு வருகிறது. எல்எஸ்6 எஞ்சின், 450 குதிரைத்திறன் என்கிறார்கள். பிக்கப்பை விற்றுவிட்டு அதை வாங்கி அன்றாடம் ஓட்டலாமா?"

பிக்கப்பை விற்க வேண்டாம். முதலில், நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவை அல்ல. அக்காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த மொத்தத் திறனையே விளம்பரப்படுத்தின. 1972 மாடல்களிலிருந்துதான், காரில் பொருத்தப்பட்ட நிலையில் கிடைக்கும் நிகரத் திறனைச் சொல்லும் வழக்கம் வந்தது. இடைப்பட்ட 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டது: எல்எஸ்6இன் அதே 454 கன அங்குலக் கொள்ளளவுள்ள எல்எஸ்5 எஞ்சினுக்கு மொத்தம் 365, நிகரம் 285. அதே விகிதத்தில் பார்த்தால் உங்கள் 450 ஏறத்தாழ 350 ஆகிறது. இது என் கணக்குதானே தவிர, நிறுவனம் தந்த எண் அல்ல. முறுக்குவிசை இரண்டுக்கும் 500 பவுண்டு-அடி என்று இருப்பதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

அக்கால இதழ்களின் சோதனைகளில் எல்எஸ்6 ஷெவெல் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட சுமார் 6 வினாடி எடுத்தது. இரண்டு டன்னைத் தாண்டும் உங்கள் பிக்கப், இரட்டை டர்போவும் பத்து கியர்களும் துணை நிற்பதால், அதற்குச் சற்றுக் குறைவான நேரத்திலேயே எட்டிவிடும். நிறுத்துவதில்தான் இடைவெளி பெரிது: ஷெவெலுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. ஈரச் சாலையில் பதறி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இன்னொரு எதிரி. எஃப்-150இன் உடல் அலுமினியம்; ஷெவெலுடையது துருப்பிடிக்கும் எஃகு. மேலும், எல்எஸ்6இன் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 11.25 என்பதால், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலிலும் அது 'நாக்' செய்யக்கூடும், அதாவது கலவை முறைதவறி வெடித்து எஞ்சின் தட்டும்.

ஆனாலும், குளிர்ந்த எஞ்சினை எழுப்ப ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்துச் சோக்கை விழவைத்துச் சாவியைத் திருப்பும்போது, பெட்ரோல் வாடையோடு அந்த 7.4 லிட்டர் உறுமி எழுவதை எந்தப் பிக்கப்பும் தராது. இடமும் பணமும் இருந்தால், கோடைக்கால ஞாயிறுகளுக்கான இரண்டாவது வண்டியாக அதை வாங்கலாம்.

வாங்கும் முன், பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் உள்ள தகட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். இதைவிட முக்கியம், அது மெய்யான எஸ்எஸ்தானா என்பது. எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) தனி மாடலாக அல்லாமல் ஒரு கூடுதல் தேர்வாகவே விற்கப்பட்டதால், சேசிஸ் எண்ணை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஷெவெலின் சாதாரண வகையான மாலிபுவை எஸ்எஸ் ஆக மாற்றி விற்பது பரவலான வழக்கம். வண்டியில் என்னென்ன பொருத்தப்பட்டன என்று சொல்லும் தொழிற்சாலைத் தயாரிப்புத் தாள் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேற்புறத்தில் ஒட்டிக் கிடக்கும். அதுவோ, அதற்கு நிகரான அசல் ஆவணமோ இல்லாமல் எல்எஸ்6க்கான விலையைக் கொடுக்காதீர்கள்.