சித்திரையில் ஒரு சோலை நடை: கேள்வி பதில்

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டில் நண்பர்களோடு இரண்டு, மூன்று மணி நேரம் நடந்துவர விரும்பும் உறுப்பினர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு, இருபது ஆண்டுகளாக நீலகிரிக் காடுகளில் நடந்து வருகிறவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

திருப்பூர் உறுப்பினர்: ஐயா, நாங்கள் ஆறு பேர். வசந்த காலம் என்பதால் மார்ச் கடைசி வாரத்தில் வரலாம் என்று இருக்கிறோம். சரியாக இருக்குமா?

மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்பதால் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடி வைக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பனியில் கருகி வெயிலில் காய்ந்த புல், மலைச்சரிவில் பற்றிக்கொண்டால் மனிதன் ஓடும் வேகத்தைவிட விரைவாக மேல்நோக்கிப் பரவும். கீழே எரியும் தீயின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதுதான் அதற்குக் காரணம். அடர்ந்த சோலைக்குள் ஈரம் இருப்பதால் தீ எளிதில் நுழையாது என்பது உண்மைதான். ஆனாலும் அதைச் சுற்றியுள்ள நிலம் அப்படிப்பட்டதல்ல.

தமிழ்ப் பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிதான். சித்திரையும் வைகாசியுமே இளவேனில். பாதைகள் திறக்கும் நாளும் சித்திரை பிறக்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாக அமைவது நமக்கு நல்லதாகப் போயிற்று. அதற்குள் கோடை மழை ஓரிரு முறை பெய்திருந்தால் காட்டுக்குள் மண்வாசனையோடு நடக்கலாம்.

கோவை உறுப்பினர்: ஊரை ஒட்டிய சிறிய காடுதானே, அனுமதி கட்டாயமா?

கட்டாயம். 116 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ளதாக இருந்தாலும் அது காப்புக்காடு. சுற்றுவட்டாரக் கிராமங்களின் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் 2024 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்ற இணையதளத்தில் உள்ள 40 பாதைகளில் இதுவும் ஒன்று. அங்கே பதிவு செய்தால் உள்ளூர் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். சொந்த வண்டியில் வருவதானால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலில் நீர் கொண்டுவாருங்கள்.

மதுரை உறுப்பினர்: சோலைக்குள் எந்தெந்தப் பூக்களைப் பார்க்கலாம்? படம் எடுப்பதற்காகக் கேட்கிறேன்.

பூக்களைத் தேடி வந்தால் ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் இந்தக் காட்டின் வசந்தம் பெரும்பாலும் தளிரில்தான் இருக்கிறது. காட்டுப்பூவரசின் சிவப்புப் பூங்கொத்துகள் பனிக்காலத்திலேயே பூத்து முடியும் தறுவாயில் இருக்கும். குறிஞ்சிக்கோ பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு; 2018இல் பூத்தது இனி 2030இல்தான். ஆனால் சாலையிலிருந்து காட்டின் மேற்பரப்பைப் பார்த்தீர்களானால், பச்சைக்கு நடுவே செம்பு நிறத்திலும் மாந்தளிர் நிறத்திலும் இளஞ்சிவப்பிலும் திட்டுத்திட்டாக மரங்கள் நிற்பது தெரியும். அவற்றில் பல நாவல் குடும்பத்தைச் சேர்ந்தவை. முதன்முதலில் பார்ப்பவர்கள் மரம் பூத்திருக்கிறது என்றே நினைப்பார்கள்.

உள்ளே வந்ததும் கைக்கெட்டும் கிளை ஒன்றில் அந்தத் தளிரை உற்றுப் பாருங்கள். முற்றிய இலை தோல்போல் தடித்து நிமிர்ந்து நிற்க, தளிர் மட்டும் பிழிந்து தொங்கவிட்ட துணிபோல் துவண்டு கீழ்நோக்கித் தொங்கும். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும். பச்சையம் சேர்ந்து இலை கெட்டிப்படும்வரை கடும் வெயிலிலிருந்து அதைக் காப்பது இந்தச் சிவப்பு நிறமிதான் என்று தாவரவியலார் விளக்குகிறார்கள். சில நாட்களில் அது வெளிர்பச்சையாகி மற்ற இலைகளோடு கலந்துவிடும் என்பதால், சரியான வாரத்தில் வருகிறவருக்கே இந்தக் காட்சி கிடைக்கும். எனக்கு இந்தக் காட்டின்மேல் பற்று உண்டானதே இப்படி ஒரு தளிரைப் பார்த்து நின்ற காலைப்பொழுதில்தான்.

படத்துக்கு இன்னொன்று சொல்கிறேன். மரத்தண்டுகளில் பாசி கம்பளிபோல் படர்ந்திருக்கும். அதில் வேர்விட்டிருக்கும் சிறு ஆர்க்கிட்களைத் தொடாமல், பறிக்காமல் எடுங்கள். ‘ஷோலா’ என்று உலகத் தாவரவியலார் எழுதுவது நம் ‘சோலை’ என்ற சொல்லைத்தான்.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: என் மகன் கல்லூரி நண்பர்களோடு வருகிறான். அட்டைப் பூச்சியை நினைத்துத்தான் பயம்.

பயம் வேண்டாம் அம்மா. மழை பெய்யாத வாரத்தில் அட்டை அவ்வளவாக இருக்காது. பெய்திருந்தால், பேன்ட்டின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு காலுறையின்மேல் புகையிலைத் தூளையோ உப்பையோ தேய்த்துக்கொண்டால் போதும். ஒட்டிவிட்டால் பிடித்து இழுக்காமல், நகத்தால் அதன் மெல்லிய முனையைப் பக்கவாட்டில் தள்ளி எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருப்பதற்கான ஒரு பொருளை அது செலுத்துவதால் கடிவாயில் சற்று நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அட்டையைவிடக் காஞ்சொறிச் செடிதான் அதிகம் தொல்லை தரும் என்பதால், பாதையோரத்தில் எதையும் பற்றிக்கொள்ள வேண்டாம் என்று மகனிடம் சொல்லி அனுப்புங்கள்.

சேலம் உறுப்பினர்: காட்டெருமை எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே காட்டெருமையைப் பார்க்கலாம் என்பதால் இது தேவையான கேள்வி. கூட்டமாக மேய்வது பெரும்பாலும் நம்மைப் பொருட்படுத்தாது. தனியாக நிற்கும் ஆண் தலையைத் தாழ்த்தி, மூச்சைச் சீறி விட்டால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். ஓடாமல், கத்தாமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்வாங்கி, பெரிய மரம் ஒன்றின் மறைவுக்குப் போய்விடுங்கள். படம் எடுக்க அருகே போவதால்தான் விபத்து நேர்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது கரடிதான். அதற்குக் கண்பார்வை மங்கல். வளைவில் திடீரென நம்மைக் கண்டால் பயத்தில் பாய்ந்துவிடும். விடிகாலையிலும் அந்தியிலும் அது நடமாடும் என்பதால், நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, வளைவுகளில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்: எங்கள் குழுவில் ஒருவர் நடந்து பழக்கமில்லாதவர். அவரை அழைத்துவரலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள், ஆனால் அவரை முன்னால் நடக்க விடுங்கள். மெதுவாக நடப்பவர் கடைசியில் வந்தால், மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார்கள். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் வேறொரு சோலையில் நடந்தபோது, முன்னால் சென்ற மூவரும் பேச்சு மும்முரத்தில் ஒரு கிளைப்பாதையைத் தாண்டிவிட்டோம். பின்னால் வந்த இருவர் தவறான பக்கம் திரும்பி, அவர்களில் ஒருவர் ஈர வேரில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அவரைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கால் வீங்கி, ஷூவின் நாடாவைக்கூட அவிழ்க்க முடியாமல் அவர் அமர்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தவறு முன்னால் போன எங்களுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் நின்று தலையெண்ணிய பிறகே நகர்கிறோம். பழக்கமுள்ள ஒருவரை எப்போதும் கடைசியில் வைக்கிறோம்.

உயரத்தைப் பற்றி அவர் அஞ்ச வேண்டியதில்லை. கோத்தகிரி 2,000 மீட்டருக்குள்தான் இருக்கிறது. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வரும் குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் போதும்.

பெயர் சொல்ல விரும்பாத பெண் உறுப்பினர்: நடுவில் கழிப்பறை இருக்குமா? மாதவிடாய் நாளாக இருந்தால் வரலாமா?

காட்டுக்குள் கழிப்பறை கிடையாது என்று வைத்துக்கொண்டு, கோத்தகிரியிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மாதவிடாய் நாளில் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றி, மூடியுள்ள சிறு டப்பாவில் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுத்துவிடும், ஓடையருகே போட்டால் கிராமத்துக் குடிநீரில் கலக்கும்.

திருச்சி உறுப்பினர்: எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? ஸ்வெட்டர் வேண்டுமா?

காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுவது உத்தமம். சித்திரையில் காலை தெளிவாக இருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இடியும் மழையும் திரண்டு வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்குமேல் குறையும் என்பதால், மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு ஏறுகிறவருக்குக் கோத்தகிரிக் காலையில் மெல்லிய ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். உணவுக்குப் புளியோதரையும் கடலைமிட்டாயும் போதும். அதையும் வெளியே வந்தபிறகு சாப்பிட்டால் குரங்குகள் தொல்லை இராது.

மீண்டும் திருப்பூர் உறுப்பினர்: சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவரலாமா, ஐயா?

வேண்டாம் தம்பி. ஏப்ரலும் மேயும் பல பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மாதங்கள். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் குரலின் மேல் நம் பாட்டு விழக் கூடாது. நீலகிரி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காண முடியாத நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை அங்கே இருக்கிறது. ஓடைக்கரையில் ஆறு பேரும் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதலில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்கும். பிறகு புதருக்குள் ஒன்று சிரிப்பதுபோல் தொடங்கும், எதிர்ப்புதரிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.