பொம்மையிடம் பேச வெட்கமா? சிமுலேஷன் லேப் கேள்வி பதில்

வார்டில் 12 வருடம், அதன் பிறகு 9 வருடமாக சிமுலேஷன் லேபில் (செவிலியர் மாணவர்கள் நோயாளிக்குப் பதிலாகப் பொம்மையை வைத்துப் பழகும் அறை) பயிற்சியாளர். கண்ணாடிக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, நெஞ்சு வலிக்குதே சிஸ்டர்" என்று முனகும் குரல் என்னுடையதுதான். லேபைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டவர்களில் பாதிப் பேர் அதைக் காதில் வாங்கவில்லை, பரவாயில்லை.

கேள்வி: முதல் வருடம் படிக்கிறேன். மேனிகின் பொம்மையிடம் "அம்மா, எங்கே வலிக்குது" என்று கேட்டாலே சிரிப்பு வந்துவிடுகிறது. பின்னால் நிற்பவர்களும் சிரிக்கிறார்கள், மேடம் முறைக்கிறார். எப்படி அடக்குவது?

அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகத்தான் வரும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் எங்கே பார்க்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் அந்தக் கண்ணாடிக் கண்ணை, அடுத்து தோழியின் முகத்தை. சரி, அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். முதல் பார்வை மணிக்கட்டுப் பட்டைக்குப் போகட்டும். அதில் உள்ள பெயரை மனதுக்குள் படித்துக்கொண்டு, "உங்க முழுப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். மேலே ஸ்பீக்கரில் இருந்து பதில் வரும். பதில் வந்துவிட்டால் பாதி வெட்கம் போய்விடும், ஏனென்றால் அதன் பிறகு நீங்கள் பேசுவது ஒரு ஆளிடம். அப்புறம் நாடியைப் பிடித்து, வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே சிரிக்க முடிந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதையும் மீறிச் சிரிப்பு வந்தால் திரும்பி ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பக்கம் போய்விடுங்கள். முறையாகத் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி ஆகும். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க அதைவிட கௌரவமான காரணம் அந்த அறையில் வேறு கிடையாது. மார்க்கும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்னும் சில முறை சொல்வேன்: வெட்கப்படுகிறவர்கள் எல்லாரும் "இப்போது நான் கை கழுவுவேன், இப்போது நான் திரையை இழுப்பேன்" என்று கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். "செய்வேன்" என்று சொல்லாதீர்கள். செய்யுங்கள். வாய் படித்ததைக் கை படிக்காது.

கேள்வி: எங்கள் லேபில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதுவது) பழகும் பொம்மைக்கு ஒரு அமைதியான பெண் முகம். தூங்குகிற மாதிரி இருக்கிறது, பார்த்தாலே ஒரு மாதிரி ஆகிறது. ஏன் எல்லா இடத்திலும் அதே முகம்?

நல்ல கேள்வி, இப்படிக் கேட்டால்தான் எனக்கும் எழுதத் தோன்றும். அது ரெசஸி ஆன். 1960இல் நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டல் கொண்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் செய்ன் நதியில் கிடைத்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு இளம்பெண்ணின் முகத்தில் எடுத்த அச்சு பிறகு வீடுகளில் அலங்காரமாகத் தொங்கியது. லேர்டல் அந்த முகத்தை எடுத்துக்கொண்டார். யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணின் வாயில்தான் உலகம் முழுக்க மூச்சு ஊதிப் பழகினார்கள். அதற்கும் முன்பே, 1911இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கென்று ஆள் உயரப் பொம்மை ஒன்று வந்தது. செய்து கொடுத்தவர் மார்த்தா சேஸ் என்ற பொம்மைக் கலைஞர், அதனால் அதற்கு மிஸஸ் சேஸ் என்றே பெயர் நின்றுவிட்டது. படுக்கையில் புரட்டவும் துணி மாற்றவும் அதை வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். ஆக, பொம்மை முன்னால் கூச்சப்பட்டு நின்ற செவிலியர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை, நூறு வருடத்துக்கு மேலாக அந்த வரிசை நீள்கிறது.

கேள்வி: நெஞ்சை அழுத்தும்போது "டிக்" என்று சத்தம் வந்தது. உடைத்துவிட்டேனோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

பல பொம்மைகளில் ஆழம் போதும் என்று சொல்வதற்காகவே வைத்த சத்தம் அது. 5 செ.மீ. ஆழமாவது வேண்டும், 6ஐத் தாண்ட வேண்டாம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். நிறுத்தியதுதான் தப்பு.

கேள்வி: பொம்மையிடம் பேசும்போது சிரிப்பு வருகிறது, டிப்ஸ்?

மேலே பாருங்கள்.

கேள்வி: என்ன ஸ்டெத் வாங்கலாம்?

காதில் சரியாகப் பொருந்துவது. லேப் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவர் மீது ஒருவர் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். பிபி, நாடி எல்லாம் சரி. நெஞ்சில் ஸ்டெத் வைப்பதும் படுக்கையில் உடம்பு துடைப்பதும் மிகவும் சங்கடமாக இருக்கிறது. சொன்னால் "நோயாளிக்கு மட்டும் சங்கடம் இருக்காதா" என்கிறார்கள்.

நோயாளிக்கும் சங்கடம் இருக்கும், அதனால்தான் நோயாளியிடம் அனுமதி கேட்கிறோம். உங்களிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை. பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன்பே தனியாகப் போய், "மேடம், கை, கால், முகம் வரைக்கும் நான் தயார், மற்றதைப் பொம்மையில் செய்து காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். மாற்று வழியோடு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் கை கால் துடைக்கும் பகுதியிலாவது ஒரு முறை நோயாளியாகப் படுத்துப் பாருங்கள். போர்வையை முழங்காலில் இருந்து விலக்கிவிட்டு, துணியைப் பிழிய உங்கள் ஜோடி அந்தப் பக்கம் திரும்புகிற பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். அதன் பிறகு யாரையும் திறந்து போட்டுவிட்டு நகர மாட்டீர்கள்.

கேள்வி: பொம்மையின் உதடு நீலமாகாது, வியர்க்காது. நோயாளி மோசமாகிறார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மானிட்டரை மட்டும் பார்த்தால் திட்டுகிறார்கள்.

வாயைத் திறந்து கேளுங்கள்: "தொட்டால் சில்லென்று இருக்கிறதா? உதடு என்ன நிறம்?" பயிற்சியாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே கேளுங்கள். தொடாமல் "தொட்டுப் பார்ப்பேன்" என்றால் நான் பதில் சொல்ல மாட்டேன். செய்வேன் இல்லை, செய்.

கேள்வி: போன வாரம் என் "நோயாளி" இறந்துவிட்டார். அலர்ஜி கேட்காமல் பென்சிலின் போட்டேன், மூச்சுத் திணறியதும் அப்படியே உறைந்து நின்றுவிட்டேன். மானிட்டரில் கோடு நேரானது. எல்லார் முன்னாலும் அழுதேன். இரண்டு நாளாக லேபுக்குப் போகவில்லை.

முதலில், நாளைக்குப் போங்கள். மூன்றாவது நாளும் போகாவிட்டால் நான்காவது நாள் இன்னும் கஷ்டமாகிவிடும்.

உறைந்து நின்றதற்கு மருந்து, அடுத்த அடியை வாய்விட்டுச் சொல்வது. "மருந்தை நிறுத்துகிறேன். உதவி கூப்பிடுகிறேன். அட்ரினலின்." கடும் அலர்ஜிக்கு உடனே போட வேண்டிய ஊசி அது: பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறம், தசையில். சொல்லிக்கொண்டே கை நகரட்டும் (சொல்வது மட்டும் போதாது, எதற்கு என்று உங்களுக்கே தெரியும்).

இதில் என் குற்றமும் ஒன்று உண்டு. சில வருடம் முன்பு, ஏறக்குறைய இதே காட்சியில், தாமதித்த ஒரு மாணவியின் பொம்மையை நானே "சாக" விட்டேன். பாடம் மறக்காது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவளிடம் அட்ரினலின் அளவு கேட்டேன், தெரியவில்லை. அந்த நீளமான பீப் சத்தம் மட்டும் நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு முதல், இரண்டாம் வருடத்தினரின் பிழைக்குத் தண்டனையாக நான் பொம்மையைக் கொன்றதில்லை.

இடையில் ஒருவர்: நானும் பயிற்சியாளர்தான். மன்னிக்க வேண்டும் அக்கா, இது செல்லம் கொடுப்பது. வார்டில் யாரும் முன்னறிவிப்போடு இறப்பதில்லை. பொம்மை எப்போதும் பிழைத்துக்கொண்டே இருந்தால், தப்பு செய்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் கற்றுக்கொள்வார்கள்.

தம்பி, பிழைக்க வை என்று நான் சொல்லவே இல்லை. மோசமாகட்டும், ஆக்ஸிஜன் 80க்கு இறங்கட்டும், கூப்பிட்டால் பதில் வராமல் போகட்டும். அந்த இடத்தில் காட்சியை நிறுத்திப் பேசிவிட்டு, மறுபடி முதலில் இருந்து ஓட்டுங்கள். இரண்டாம் முறை அவள் கையாலேயே சரியாகச் செய்துவிட்டு வெளியே போகட்டும். கடைசியாகக் கை செய்ததுதான் தங்கும்.

அதே நபர்: மறுபடி ஓட்ட நேரம் எங்கே இருக்கிறது? ஒரு பேட்சுக்கு 60 பேர். அப்புறம், முதல் மரணத்தை வார்டில் பார்த்து வேலையை விட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பார்த்திருக்கிறேன், அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். மரணத்தை லேபில் பழக்க வேண்டும்தான். அதற்குத் தனிக் காட்சி வையுங்கள். கடைசி வருடத்தில், இன்று நோயாளி இறப்பார், யாருடைய தவறாலும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டு, குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது, உடலை எப்படித் தயார் செய்வது என்பதையும் சேர்த்து நடத்துங்கள். டிப்ரீஃபிங்குக்கு, அதாவது காட்சி முடிந்து உட்கார்ந்து பேசுவதற்கு, இரட்டிப்பு நேரம். நேரம் இல்லை என்றால் அந்தக் காட்சியே வேண்டாம். கொல்ல நேரம் இருக்கிறது, பேச நேரம் இல்லையா?

இன்னொருவர்: நான் மாணவன். எங்களுக்கு இறந்ததைவிட, இறந்த பிறகு "யார் தப்பு?" என்று சுற்றி உட்காரவைத்துக் கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது.

பயிற்சியாளர் தம்பி, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (அரை மணி நேரம் காத்திருந்தேன், பதில் இல்லை. மேலே போகலாம்.)

கேள்வி: வீடியோ போட்டுக் காட்டும்போது என் குரலையே கேட்க முடியவில்லை.

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். கையுறையோடு மூக்கைத் தொட்டிருப்பீர்கள், பந்தயம். அந்த வீடியோ லேபைத் தாண்டி உங்கள் போனுக்கு வரக் கூடாது, வேடிக்கைக்குக்கூட.

கேள்வி: மாடல் தேர்வில் 62 போட்டிருக்கிறார்கள், மறுமதிப்பீடு கேட்கலாமா?

உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம்.

கேள்வி: டாக்டருக்கு போன் செய்வது போல நடிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நடிக்காதீர்கள், படியுங்கள். போனை எடுக்கும் முன் துண்டுத் தாளில் நாலு வரி: ஒன்று, நான் யார், இப்போது என்ன நடக்கிறது; இரண்டு, நோயாளி எதற்காக வந்தவர்; மூன்று, நான் பார்த்தது, பிபி, நாடி எல்லாம் எண்ணாக; நாலு, எனக்கு உங்களிடம் என்ன வேண்டும். நாலாவது வரியைத்தான் எல்லாரும் விழுங்குகிறார்கள். "டாக்டர், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்பதை வீட்டில் கண்ணாடி முன்னால் பத்து முறை சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: பொம்மையிடம் பேசக் கூச்சமாக இருப்பதால், "நான் நோயாளியிடம் விளக்குவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகலாமா?

நாலு தடவை சொன்னேனா, ஐந்து தடவையா? முடியாது. மணிக்கட்டுப் பட்டையைப் பாருங்கள், பெயரைக் கேளுங்கள், நான் மைக்கில் பதில் சொல்கிறேன்.