கராஜ் கதவு மூட மறுக்கிறது: மெஷினை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு கராஜ் கதவு மோட்டாரில் ஓடுவது. கொஞ்ச நாளாக ரிமோட்டை அழுத்தினால் ஒரு சாண் இறங்கிவிட்டு மறுபடி மேலே போய்விடுகிறது. மெஷினில் உள்ள விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. சுவரில் இருக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் முழுதாக மூடுகிறது. காலையில் பிரச்சினையே இல்லை, சாயங்காலம்தான் அடம்பிடிக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், "போர்டு போய்விட்டது, மெஷினையே மாற்றிவிடுங்கள்" என்கிறார். புதிது வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் கதவு மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது, போர்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோளாறு சென்சாரில்.

கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை அனுப்பும், எதிரில் உள்ளது வாங்கிக்கொள்ளும். நடுவில் குழந்தையோ நாயோ குறுக்கிட்டால் கற்றை அறுபடும், இறங்குகிற கதவு திரும்பிவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால், ஆள் நேரில் நின்று பார்த்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டு மெஷின் சென்சாரைக் கணக்கில் எடுக்காது. விளக்கு விட்டுவிட்டு எரிவதும் பெரும்பாலான மாடல்களில் இதே சேதியைத்தான் சொல்கிறது.

இரண்டு பெட்டியிலும் புள்ளி போல ஒரு விளக்கு எரியும். இரண்டுமே அசையாமல் எரிய வேண்டும். வாங்கும் பக்கத்து விளக்கு மினுக்கினாலோ அணைந்திருந்தாலோ, முதலில் மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். சிலந்தி வலை ஒன்றே போதும், கதவு மூடாது. பிறகும் சரியாகவில்லை என்றால், சைக்கிளோ துடைப்பமோ இடித்து பிராக்கெட் திரும்பியிருக்கும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பெட்டியை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். விளக்கு நிலையாக எரியும் இடத்தில் நிறுத்தி முடுக்கிவிடுங்கள். அங்கிருந்து மேலே போகும் ஒயரை எலி கடித்திருக்கிறதா, ஆணி அடித்த இடத்தில் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சாயங்காலம் மட்டும் என்றால் சாய்வெயில் மேல்தான் எனக்குச் சந்தேகம். தாழ்ந்த சூரியன் வாங்கும் கண்ணில் நேராக அடித்தால் எதிரிலிருந்து வரும் கற்றை அதில் கரைந்துவிடும். இரண்டு பெட்டிகளையும் பக்கம் மாற்றி, வாங்கும் கண்ணை வெயில் படாத பக்கம் வையுங்கள். அது முடியாவிட்டால் அட்டைக் குழாய் ஒன்றைச் சொருகி நிழல் கொடுத்தாலும் போதும். சென்சாரே கெட்டிருந்தால் ஜோடியாகத் தனியே கிடைக்கிறது. முழு மெஷினின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தொல்லை தீரட்டும் என்று இரண்டு சென்சாரையும் எதிரெதிரே ஒட்டி, மேலே கூரையில் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டு மெஷின்களுக்கு இந்தச் சென்சாரோ இதற்கு இணையான காப்போ கட்டாயம் என்று ஆனது. அதை நாமே கழற்றிப் போடக் கூடாது.

கேள்வி: மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கதவு அசையவே இல்லை. இன்னும் அதிக குதிரைசக்தி உள்ள மோட்டார் போட்டால் சரியாகுமா?

பதில்: குதிரைசக்தியைக் கூட்டி இது தீராது. கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல, கதவுக்கு மேலே உள்ள ஸ்பிரிங்தான். கதவின் எடையை ஏறக்குறைய முழுவதும் ஸ்பிரிங் சுமப்பதால் மோட்டாருக்குத் தள்ளி இழுக்கும் வேலைதான். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தச் சுமை மோட்டார் மேல் ஏறும், எந்த மோட்டாரும் சீக்கிரம் சாகும். புதிய மெஷின் போட்டவர்களுக்கு மறுபடி அதே கோளாறு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கதவு மூடியிருக்கும்போது மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். இப்போது கையால் இடுப்பளவு தூக்கி, பிடியைத் தளர்த்திப் பாருங்கள். நல்ல கதவு விட்ட இடத்தில் நிற்கும். கீழே இழுத்தாலோ, தூக்கவே முடியாத கனமாக இருந்தாலோ ஸ்பிரிங் போய்விட்டது. முறிந்த ஸ்பிரிங்கில் சுருளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி தெரியும். அப்படித் தெரிந்தால் தூக்கிப் பார்க்கவே வேண்டாம். கதவு திறந்து நிற்கும்போதும் அந்தக் கயிற்றை இழுக்காதீர்கள், ஸ்பிரிங் போயிருந்தால் மொத்தக் கதவும் தலையில் வந்து விழும்.

சாதாரண ஸ்பிரிங்கை 10,000 தடவை ஏறி இறங்குவதற்கென்று செய்கிறார்கள். ஒரு நாளைக்கு 4 தடவை திறந்து மூடினால் 7 வருடம்கூட வராது. மாற்றும் வேலையை அது தெரிந்தவரிடம் விடுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கழன்று அடித்தால் கை முறியும், உயிரே போகலாம்.

கதவு சரியாக நின்றால் மெஷின் பக்கம் வாருங்கள். செயின் ஓடியும் கதவு மட்டும் வராவிட்டால், யாரோ அந்தச் சிவப்புக் கயிற்றை இழுத்திருக்கிறார்கள், மறுபடி கோத்தால் முடிந்தது. மோட்டார் ஓடியும் செயின் நிற்கிறதென்றால் உள்ளே பிளாஸ்டிக் கியர் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினால் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கும். பல மாடல்களுக்கு இந்தக் கியர் தனியாக விற்கிறது. மோட்டார் சுற்றாமல் "ம்ம்ம்" என்று மட்டும் முனகினால் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்கள் தொட வேண்டாம்.

எப்போது புதிது வாங்கலாம்? இடி விழுந்து போர்டு கருகி, அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்காதபோது. சென்சாரே இல்லாத பழைய மெஷினாக இருந்தால் கெட்டுப்போகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாங்கும்போது கியர், போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். வாரண்டியில் "மோட்டாருக்கு" என்று பெரிதாகப் போட்டிருக்கும் வருடக் கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். அடிக்கடி கெடும் மற்ற பாகங்களுக்கும் ஆள் கூலிக்கும் எத்தனை நாள் என்பதைத் தனியே படியுங்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்டும் ரிமோட் கதவுக்குப் பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது.

பதில்: மெஷினில் உள்ள பல்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மலிவான எல்இடி பல்புகள் சில ரேடியோ இரைச்சலைக் கிளப்பி ரிமோட்டின் சிக்னலை அமுக்கிவிடும். பல்பு இல்லாதபோது தூரம் கூடினால் வேறு பல்பு மாற்றினால் போதும். ரிமோட் அறவே வேலை செய்யாமல் சுவர் பட்டன் மட்டும் வேலை செய்தால், அந்தப் பட்டன் பலகையில் பூட்டுப் படம் போட்ட சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யாராவது தெரியாமல் அழுத்தியிருந்தால் எல்லா ரிமோட்டும் முடங்கிவிடும்.