பயாஸ் அப்டேட்: போடலாமா, தடுக்கலாமா?

கே: ராத்திரி லேப்டாப் தானாகவே பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டுக்கொண்டது. காலையில் நீலத் திரை, 48 இலக்க எண் கேட்கிறது. ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்கள். (மஞ்சக்குப்பம்)

பண்ணவே பண்ணாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். கேட்பது, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கான மீட்புச் சாவி. லேப்டாப் வாங்கியதும் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தீர்களோ, அதில் போன் வழியாக நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். பயாஸ் எப்படி இருந்தது என்று லேப்டாப்பில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி அளந்து வைத்திருக்கும். அது மாறியதும், ஆள் அடையாளம் தெரியாத வாட்ச்மேன் மாதிரி கதவைத் திறக்க மறுக்கிறது. இனி அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

கேட்காமல் வந்து நுழைவதுதான் எனக்கும் எரிச்சல். சில மாடல்களில் பயாஸ் செட்டிங்கில் 'கேப்ஸ்யூல் அப்டேட்' என்றிருக்கும். அதை அணைத்தால் விண்டோஸ் வழியாக பயாஸ் அப்டேட் வராது.

கே: அப்படியானால் எல்லா அப்டேட்டையும் தடுத்துவிடலாமா? செக்யூர் பூட்டையும் அணைத்துவிட்டு லினக்ஸ் போட ஆசை. (வில்லியனூர்)

வேண்டாம். செக்யூர் பூட் என்பது நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் காவல். அது நம்பியிருக்கும் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் முதல் காலாவதி. அன்றைக்கே மெஷின் நின்றுவிடாது. ஆனால் பூட் பகுதிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் பிறகு வராது. புதுச் சான்றிதழ் வருவதே அப்டேட்டில்தான். லினக்ஸ் வகைகளான உபுண்டு, ஃபெடோரா இரண்டும் செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் ஓடும். செக்யூர் பூட்டில் உங்கள் சொந்தச் சாவியைப் பதிய பயாஸ் விடுகிறதா என்று மட்டும் வாங்கும் முன் பாருங்கள். விடாத மெஷினுக்குக் காசு கொடுத்தது நீங்கள், சாவி வேறு யாரிடமோ.

கே: பழைய பயாஸுக்குத் திரும்ப முடியுமா? (லாஸ்பேட்டை)

கம்பெனி விட்டால் முடியும். பல புது மாடல்களில் விடுவதில்லை.

கே: அப்டேட் பாதியில் கரண்ட் போனது. டெஸ்க்டாப் செத்துவிட்டதா? (கடலூர் முதுநகர்)

பெரும்பாலும் பிழைக்கும். எட்டுக் கால் சிப் ஒன்றில்தான் பயாஸ் இருக்கிறது. கிளிப் மாட்டி, புரோகிராமர் என்ற கருவியால் திரும்ப எழுதலாம். கடலோர வீட்டு போர்டு என்றால் உப்புக்காற்றில் கால்கள் பச்சை பூத்திருக்கும், கிளிப் ஒட்டாது. முதலில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைக்க வேண்டும். எழுதும் முன் பழையதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் அதற்குள் இருக்கிறது. பிராண்டட் மெஷினில் விண்டோஸ் உரிமச் சாவியும்கூட. அவசரத்தில் அதை விட்டுவிட்டு, ஒரு முறை வாடிக்கையாளருக்கு விண்டோஸை என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தேன்.