கடல் பக்கத்தில் இருந்தால் லிங்க்ஸா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணலுக்கும் பஞ்சமில்லை, காற்றுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் சென்னைக்காரர்கள் ஊருக்குள்ளேதான் கோல்ஃப் ஆடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதிரி ஒரு லிங்க்ஸ் மைதானத்தைக் கோவளம் பக்கம் போட முடியாதா? அந்த ஊர் கோல்ஃப் கிளப்புக்கு அப்படி என்ன தனி மவுசு?

– வாசகர், திருவான்மியூர்

அன்புள்ள நண்பருக்கு,

மைதானம் போடலாம். அது லிங்க்ஸ் ஆகாது. தடை கடலோ காற்றோ இல்லை, புல்.

ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டுத் தரிசுக்குப் பெயர்தான் லிங்க்ஸ். உழவுக்கு ஆகாது, ஆடும் முயலும் மேய்ந்து புல்லை ஒட்ட வைத்திருந்தன. அங்கே முளைக்கும் ஃபெஸ்கியூ ஊசிபோல மெலிந்த புல். மெதுவாக வளரும், உரம் அதிகம் கேட்காது. மழைநீரை மணல் உடனே உள்ளே இழுத்துக்கொள்வதால் தரை கெட்டியாகவே இருக்கும்; விழுந்த பந்து நிற்காமல் ஓடும். அதனால் அங்கே பந்தை உயரத் தூக்குவதில்லை. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முன்னாலேயே தரையில் தட்டி உருட்டிவிடுவார்கள். தூக்கினால் காற்று கொண்டுபோய்விடும்.

நம்மூர் மைதானப் புல் பெரும்பாலும் பெர்முடா வகை. வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகுதான். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்து மெத்தை கட்டிவிடும். அதில் விழுந்த பந்து அமுங்கி நின்றுவிடும். செங்குத்துக் கத்தி ஓட்டி மெத்தையைக் கீறி, மணல் தூவி வந்தால் ஓரளவு ஓடும். ஐப்பசி மழையில் மறுபடி பழைய கதை. சரி, ஃபெஸ்கியூவையே கொண்டுவந்து விதைக்கலாமே என்றால், அது குளிர்நாட்டுப் புல், சித்திரை வெயிலுக்குத் தாங்காது. இன்னொன்று: நம் கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருப்பவை இராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும். மைதானத்துக்காக அவற்றை வழித்தெடுத்தால் மேடே பறந்துவிடும்.

கிளப்புக்கு வருகிறேன். 1754இல் 22 பேர் கூடித் தொடங்கியது. 1834இல் அரசர் நான்காம் வில்லியம் தந்த பட்டத்தால் 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' ஆனது. 1764இல் 22 குழிச் சுற்றைப் பதினெட்டாகக் குறைத்ததும் இவர்கள்தான். இன்று உலகமெல்லாம் பதினெட்டு ஆடுவது அதன் தொடர்ச்சி. ஆனால் மைதானம் கிளப்புடையது இல்லை, ஊருடையது. 1797இல் கடனில் இருந்த நகரசபை அந்த நிலத்தை முயல் வளர்ப்பவர்களிடம் விட்டது. ஆட்டக்காரர்களுக்கும் அவர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் சண்டை. 1821இல் உள்ளூர் நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கிய பிறகே அது ஓய்ந்தது. பின்னால் நிலம் மறுபடி ஊருக்கே வந்தது.

அங்கே நின்று பார்க்கவேண்டியது பங்கர் எனும் மணல் பள்ளத்தின் சுவரை. புல்லோடு வெட்டிய மண்பத்தைகளைச் செங்கல் வரிசை போல அடுக்கி, ஒவ்வொரு வரியையும் சற்றே பின்தள்ளி ஏற்றுவார்கள். தெற்கு பார்த்த சுவர் வெயிலில் சீக்கிரம் காய்ந்து உதிரும், அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டியே தீரவேண்டும். பள்ளம் சிறியதுதான், ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிவதால் உருண்டு வரும் பந்து தானாக உள்ளே போகும். சுவரை ஒட்டி நின்றுவிட்டால் வீம்பு வேண்டாம்; பக்கவாட்டிலோ பின்பக்கமோ அடித்து வெளியே வாருங்கள்.

போவதானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். இந்த மைதானமான ஓல்டு கோர்ஸில் வழக்கமாக அன்றைக்கு ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாவிக்கொண்டிருப்பார்கள்.